பதினேழாம் எண் பச்சை சைக்கிள்

காலை எட்டேகால் மணிக்கு நானும் அக்காவும் அபிராமபுரத்திலிருந்து லஸ் முனையை நோக்கி நடந்தோம். எழுபத்திரண்டாம் வருஷம், பொங்கல் விடுமுறை. கோவில்பட்டியில் டிராயிங் மாஸ்டராக இருக்கும் நான் சென்னைக்கு வருவது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் ஊரைப் பஸ்ஸில் பார்த்தேன். அதாவது, எனக்கு முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தேன். இந்த முறை வாடகைக்கு ஒரு சைக்கிளை எடுத்து, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மூன்றையும் ஒரே பகலில் சுற்றி, நாலு படமும் வரைந்துகொண்டு வந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அதற்கு அக்கா எதற்காகக் கூட வர வேண்டும் என்றுதான் எனக்கு எரிச்சல். முப்பத்துநாலு வயசு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பையில் பணம் இருக்கிறது.

"ஏலே, துட்டக் கொடுத்தா மட்டும் இங்க சைக்கிள் தரமாட்டாவ. தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வந்து சொல்லணும்" என்றாள் அக்கா. எட்டு வருஷமாகச் சென்னையில் குடித்தனம் செய்தும் என்னிடம் பேசும்போது மட்டும் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

லஸ்ஸிலிருந்து கோயில் குளத்துப் பக்கம் போகும் ஒரு சந்தில் இருந்தது ஜமால் பாயின் கடை. எட்டடி அகலம். சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள், எல்லாம் பச்சை, எல்லாவற்றுக்கும் பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் எண். உள்ளே ஒரு கரும்பலகை. அதில் எண், எடுத்தவர் பெயர், நேரம். பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். மொத்தம் நாற்பத்திரண்டு வண்டிகள் என்றும், மணிக்கு இருபது பைசா வாடகை என்றும் அக்கா சொன்னாள். கடைப் பெயர் எந்த வண்டியிலும் எழுதியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"என் வண்டிய எனக்குத் தெரியும். அப்புறம் பேரு இன்னாத்துக்கு சார்?" என்றார் பாய்.

அங்கே நின்ற இருபது நிமிஷத்தில் நான் வந்த வேலையையே மறந்துவிட்டேன். பால் ஊற்றிவிட்டு வந்தவர் இறங்கிய வண்டியில் ஒரு பாங்க் பியூன் ஏறிக்கொண்டு போனார். சீட்டின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர். நடுவில் பாய் இரண்டு வண்டிகளை எடுத்து யார் கண்ணிலும் படாமல் கடைக்குப் பின்னால் நிறுத்தினார். கேட்டதற்கு, "கோயில்ல அபிஷேகம் முடியற டைம். அய்யருங்க வருவாங்க" என்றார். சரியாக எட்டு நாற்பதுக்கு ஈர வேட்டியோடு இரண்டு பேர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு மெய் சிலிர்த்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு ஆசிரியர்களுக்கு டைம்டேபிள் போட ஹெட்மாஸ்டர் ஒரு வாரம் லீவு எடுப்பார்.

"காலைல எடுத்தவன் போற எடத்துக் கடையிலயே வுட்டுட்டுப் போவான், வண்டியெல்லாம் பாண்டி பஜார்ல போயி குந்திக்கும். சாயங்காலம் பீச்சாண்ட. நான் பின்னாலயே ஆளு அனுப்பிக்கினு இருக்க முடியுமா? அந்தப் பக்கத்துலேர்ந்து இங்க வர்றவன் கையில அந்தக் கடைக்காரன் என் வண்டியக் குடுத்து அனுப்புவான், வாடகை இல்லாம. அவன் வண்டி இங்க மாட்டிச்சின்னா நானும் அப்படித்தான்" என்று பாய் விளக்கினார். இதற்கு ஆபீஸ் இல்லை, கடிதம் இல்லை, டெலிபோன்கூட இல்லை. இத்தனை பெரிய ஊரில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வீட்டுக்கு வழி தெரிந்து திரும்பிக்கொண்டிருந்தன.

அக்கா என்னைக் காட்டி, "என் கூடப் பிறந்த தம்பி. நான் சொல்றேன் பாய்" என்றாள். அவ்வளவுதான். பாய் பலகையில் பதினேழு என்பதற்கு நேராக என் பெயரை எழுதவில்லை. அக்காவின் பெயரை எழுதினார். பிறகு என்னிடம் விஷயத்தைச் சொன்னார். அக்கா இருக்கும் ஸ்டோரில் ஒரே வாசலுக்குள் பதினோரு குடித்தனம். அதில் ஆறு பேருக்கு அவள் வார்த்தையை நம்பித்தான் அவர் தினமும் வண்டி தருகிறார். அவர்களில் முருகேசன் என்பவர் மவுண்ட் ரோடில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினேழாம் எண் வண்டி அவருடையது. ஏழு மணி ஷிப்டுக்குப் போக வேண்டும்.

"ஆறுக்கு வண்டி வரலைன்னா?" என்று கேட்டேன், வேடிக்கையாகத்தான்.

"ஒருத்தர் சொன்ன ஆளு வண்டியத் தொலைச்சிட்டா, சொன்னவங்க பேச்சு அத்தோட சரி சார். இந்தத் தங்கச்சி பேரையும் அந்த ஆறு பேரையும் அழிச்சிடுவேன். எல்லாக் கடையிலயும் இதான் சட்டம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்பதைப் போலச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்து, "அஞ்சரைக்கே வந்துரு" என்றாள்.

மணி ஒன்பது. ஆழ்வார்பேட்டை வழியாக எல்டாம்ஸ் ரோடைப் பிடித்தேன். மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து, ரோடு முழுக்க வெயில் சல்லடை போட்டிருந்தது. தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோடைக் குறுக்கே கடக்க நான் எட்டு நிமிஷம் நின்றேன். அந்த எட்டு நிமிஷத்தில் என்னைத் தாண்டிப் போன சைக்கிள்களை எண்ண ஆரம்பித்து அறுபதோடு விட்டுவிட்டேன். கேரியரில் வாழைத்தார், கண்ணாடிச் சட்டம், தையல் மிஷின், ஒரு வண்டியில் முன்கம்பியில் ஒருவரும் பின்னால் ஒருவருமாக மூன்று வக்கீல் குமாஸ்தாக்கள். இந்த ஊரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பஸ்ஸும் ரயிலும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

லஸ்ஸிலிருந்து பாண்டி பஜார் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு காப்பி ஓட்டலுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியைப் பூட்டினேன். ஏற்கெனவே இருபது சைக்கிள்கள் அங்கே நின்றன. காப்பி முப்பத்தைந்து பைசா. நல்ல காப்பி. ஜவுளிக்கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. ஒரு கடையில் எங்கள் பக்கத்துப் பேச்சு கேட்டது. விசாரித்ததில் முதலாளி சாத்தான்குளத்துக்காரர். "கோவில்பட்டியா? உள்ள வாங்க அண்ணாச்சி" என்று உட்கார வைத்து, நான் எதுவும் வாங்காததைப் பொருட்படுத்தாமல் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார். கடை வாசலில் உட்கார்ந்து பூக்காரிகளையும் குடை ரிப்பேர்காரரையும் வரைந்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்தான் என் தொழில். நாற்பது பையன்கள் வரைந்த நாற்பது கத்தரிக்காயைப் பார்த்து, எவன் எவனைப் பார்த்து வரைந்தான் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில்தான் பதினொன்றரைக்கு மரத்தடிக்கு வந்து, பச்சை வண்டி, பதினேழாம் எண் என்று பார்த்து, சாவியைப் போட்டேன். பூட்டு திறந்தது. ஏறி மிதித்தேன்.

பனகல் பார்க்கைச் சுற்றிவிட்டு, நந்தனம், சேமியர்ஸ் ரோடு வழியாகப் போனேன். அடையாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். ஆறு கடலோடு சேரப் போகிற அகலத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. தண்ணீரில் வெள்ளைப் பறவைகள் ஒற்றைக் காலில் நின்றன. எங்கள் கரிசல் காட்டில் இருந்து வருகிறவனுக்கு இவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் சும்மா கிடப்பது தாங்க முடியாத காட்சி. பாலத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கும் பெரிய ஆலமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து படம் போட்டேன். விழுதுகளில் எது முதல் மரம் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டே கால் மணிக்கு வெளியே வந்து அடையாறு பஸ் நிலையம் பக்கம் திரும்பும்போது பின் டயர் பஞ்சர்.

பக்கத்திலேயே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய மனைவி ராஜம்மா டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், தெலுங்கு வாடை அடிக்கும் மெட்ராஸ் தமிழ். சேலையைச் செருகிக்கொண்டு என் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தவள், அப்படியே நின்றாள்.

"வண்டி யாருது நைனா?"

"மயிலாப்பூர் ஜமால் பாய் கடை வண்டி."

"பாய் வண்டியா? யாராண்ட கத வுடற?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பதினேழாம் எண்ணைக் காட்டினேன். பச்சையைக் காட்டினேன். சாவி போட்டுத் திறந்ததைச் சொன்னேன்.

"எல்லாக் கடையிலயும் ஒண்ணுலேர்ந்துதான் நம்பரு போடுவாங்க. எல்லாக் கடையிலயும் பதினேழு கீது. சாவியும் இதப் போட்டா அது தெறக்கும், அதப் போட்டா இது தெறக்கும். நம்பரப் பாத்தா வண்டி எடுப்பாங்க? இன்னா ஊரு நீ?" என்று கேட்டுவிட்டு, சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "பாய் வண்டிக்கு சீட்டுத் தையலு கறுப்பு நூலு. இது இன்னா நூலு, பாரு."

குனிந்து பார்த்தேன். கறுப்பு ரெக்ஸின் உறையின் ஓரத்தில், மடிப்புக்குள், மெல்லிய தங்க நிற நூல்.

"ஜரிகை. சினிமாவுக்கு ராஜா ட்ரெஸ்ஸு தைக்கிற டைலருதான் வடபழனில சீட்டு தைக்கிறான். மீந்த நூலு. இது வடபழனி வண்டி."

நாற்பது கத்தரிக்காய் பார்த்த கண். அந்த இடத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அந்த அம்மாள் வண்டியைப் பார்த்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வெட்கம் ஒரு பக்கம். பிரமிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. பாயின் வண்டி பூட்டியபடி தி. நகரில் நிற்கிறதா, போய்விட்டதா? வடபழனி வண்டியை எடுத்து வந்த மனிதர் இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறாரா? மணி இரண்டே முக்கால். ஆறு மணிக்கு அக்காவின் பெயர் அழிந்தால், நாளைக் காலை அந்த ஸ்டோரில் ஆறு பேர் நடப்பார்கள். அவர்கள் முன்னால் அவள் எப்படிக் குழாயடிக்குப் போவாள்?

"நேரா வடபழனிக்குப் போய் வண்டியைக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வாணாம். வண்டிய எங்க எடுத்தியோ அங்கயே போ. அந்த ஆளு அங்கதான் நின்னுக்கினு இருப்பான்."

"மூன்று மணி நேரம் ஆச்சே! போயிருந்தால்?"

"போவ மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சர் ஒட்டினாள். அதைச் சொன்ன விதத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கால் மணி நேரத்தில் கத்திக் கூட்டம் சேர்த்திருப்பேன்.

அடையாறிலிருந்து தி. நகர் ஆறு கிலோமீட்டர். காலையில் கண்ணை நிறைத்த எதுவும் திரும்பும்போது கண்ணில் படவில்லை. எதிர்க்காற்று வேறு. நந்தனத்தில் ஒரு லாரிக்காரர் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். திட்டட்டும் என்று மிதித்தேன். பாண்டி பஜாருக்குள் நுழையும்போது மணி மூன்று நாற்பது. மரத்தடி சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாமே மாறியிருந்தன. நடுவில் ஒரு பச்சை வண்டி, பதினேழு. அதன் ஹாண்டில்பாரில் கையை வைத்துக்கொண்டு, வெயில் நகர்ந்து நகர்ந்து முகத்தில் அடிக்க, சுண்ணாம்பும் பெயின்டும் தெறித்த காக்கிச் சட்டையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

நான் இறங்குவதற்குள் அவர் என் வண்டியின் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன்.

"வந்துட்டியா வாத்தியாரே" என்றார்.

வாத்தியார் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் திகைத்தேன். அந்த ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகு அக்கா சொன்னாள். அவர் பெயர் ஏழுமலை. வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் செட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மதியப் படப்பிடிப்புக்காக லேஸ் துணி வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பதினொன்றே முக்காலுக்கு வந்து பார்த்தால் அவர் வண்டி இல்லை. துணி மூட்டையைத் தெரிந்த பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். நாலு மணி நேரம். அன்றைய பேட்டாக் காசும் போய்விட்டது.

"இந்த வண்டி உங்கள் சாவிக்கும் திறக்குமே. எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே!" என்றேன்.

"தெறந்து பாத்தேன், தெறந்துச்சி. மணியில நீலப் பொட்டு பாத்தியா? மயிலாப்பூர் பாய் வண்டின்னு அப்பவே தெரியும். ஆனா இத நான் எடுத்துக்கினு போயிட்டேன்னு வையி. நீ இங்க வந்து தேடுவ. நான் அங்க தேடுவேன். ரெண்டு வண்டியும் ஊரச் சுத்திக்கினு இருக்கும். ரெண்டுல ஒண்ணு நின்ன எடத்துல நிக்கணும் வாத்தியாரே. நீ போயிட்ட. அதான் நான் நின்னேன்."

ஓட்டலில் இருந்து இரண்டு டீயும் நாலு போண்டாவும் வாங்கி வந்தேன். அவர் நிழலுக்கு வரவில்லை. வண்டியின் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டார். உங்களுக்கு வடபழனியில் யார் சொல்லி வண்டி கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எம் பொஞ்சாதி. கோயிலாண்ட பூ விக்கிது. அது சொல்லித்தான் எனக்கு, எம் மச்சானுக்கு, பக்கத்து வூட்டுக்காரனுக்கு, அல்லாருக்கும் வண்டி. நான் இங்கேர்ந்து போயிட்டு வண்டி வரலைன்னா, நாளைக்கி அது எந்த மூஞ்சிய வச்சிக்கினு பூ விக்கும்?" பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு?" என்றார்.

"என் அக்கா" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். போன பேட்டாவுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று பைக்குள் கை விட்டேன். "சும்மா இரு வாத்தியாரே" என்று என் கையைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டு, தன் வண்டியின் சீட்டைக் கையால் இரண்டு தட்டுத் தட்டி ஏறிப் போய்விட்டார். அந்த முதுகை மட்டும் நான் மனப்பாடமாக வரைவேன். வரைந்தும் வைத்திருக்கிறேன்.

மவுண்ட் ரோடில் ஆபீஸ் விடும் கூட்டத்தில் மாட்டி, லஸ்ஸுக்குத் திரும்பும்போது மணி ஐந்தரை தாண்டியிருந்தது. கடை வாசலில் அக்கா நின்றாள். பக்கத்தில் டிபன் பாக்ஸும் கையுமாக முருகேசன். பாய் சீட்டில் கையை வைத்தார். பிறகு டயரைத் தடவினார்.

"வண்டி நாலஞ்சு மணி நேரம் வெயில்ல நின்னுருக்குது. அடையாறு போறேன்னு சொன்ன, அந்த மண்ணு ஒரு துளி இல்ல. நீ எங்க சார் போயிருந்த?"

பொய் சொல்ல நினைத்திருந்தேன். அந்த மனிதரிடம் முடியவில்லை. எண்ணைப் பார்த்து எடுத்ததிலிருந்து ஏழுமலை ஏறிப் போனது வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அக்காவின் முகம் இறுகியது. முருகேசன் டிபன் பாக்ஸைக் கை மாற்றினார். பாய் துணியை எடுத்துக்கொண்டு பலகை பக்கம் போனார். பதினேழுக்கு நேராக இருந்த அக்காவின் பெயரைத் துடைத்தார். அதே இடத்தில் 'முருகேசன்' என்று எழுதி, ஐந்து நாற்பது என்று போட்டு, அடைப்புக்குள் திரும்பவும் அக்காவின் பெயரை எழுதினார்.

"அந்த ஆளு பேரு இன்னா சொன்ன?"

"ஏழுமலை."

பலகையின் மூலையில் அந்தப் பெயரையும் எழுதினார். "இந்தப் பக்கம் வந்தா யாரும் சொல்ல வாணாம். வண்டி தரேன்" என்றார். அந்த மனிதரை அவர் பார்த்ததுகூட இல்லை. முருகேசன் மணியை அடித்துக்கொண்டு லஸ் பக்கம் திரும்பினார். வீடு வரும்வரை அக்கா எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். வாசலுக்கு வந்ததும், "சாப்பிட்டியாலே?" என்று கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எழும்பூரில் ரயில் ஏறினேன். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். மதுரை வரை தூக்கம் இல்லை. ஆற்றையும் ஆலமரத்தையும் நினைக்கத்தான் முயன்றேன். முகம் தெரியாத ஒருவரின் வண்டியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற ஆள்தான் திரும்பத் திரும்ப வந்தார். அவ்வளவு பெரிய ஊர். அதில் யாருக்கும் யாரையும் தெரியாது என்று எங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கோவில்பட்டியில் எங்கள் தெருமுனைக் கடையில் மொத்தம் எட்டு வாடகைச் சைக்கிள்கள். பள்ளிக்கூடப் பியூன் செல்லையா, மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம், எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார் என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். நமக்கு எதற்கு வம்பு என்று பேச்சை மாற்றினேன். அவர் நாலு கிலோமீட்டர் தினமும் நடந்தார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை அந்தக் கடைக்குப் போனேன். செல்லையா எப்போது வந்து கேட்டாலும் வண்டி கொடுங்கள், நான் சொல்கிறேன் என்றேன். பன்னிரண்டு வருஷமாக என்னைத் தெரிந்த கடைக்காரர், பம்பை அடிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, நீங்களா சார்?"

"நான்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் அவர் சரி என்றார்.